சைக்கிளுக்குப் பக்கத்தில் நிற்கிறவர்

புதுக்கோட்டையில் புதிதாக ஒரு காபிக் கடை திறந்திருக்கிறார்கள். போன மாதம் என் மகள் என்னை அங்கே கூட்டிப் போனாள். நம் வயதுக்காரர்கள் யாராவது போவதாக இருந்தால் ஒன்று சொல்லிவிடுகிறேன்: நாற்காலி மிகவும் உயரம். ஏறி உட்கார்ந்தால் கால் தரையில் படாது. ஒரு காபி குடித்து முடிக்கிறவரை சின்னப் பிள்ளை மாதிரி காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருக்க வேண்டும். நானும் அப்படித்தான் இருந்தேன். எதிர்ச் சுவரைப் பார்த்ததும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன்.

சுவர் முழுக்கப் பழைய படங்களைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள். கப்பல், ரயில், பனை மரம், ஊர்ப் பெயர்.

"அந்தக் காலத்துல கப்பல் கம்பெனிக்காரங்க ஒட்டுன விளம்பரம்மா. எங்க ஊருக்கு வாங்கன்னு கூப்பிடுறது. இப்ப இதுக்குத்தான் மவுசு, மறுபடி அச்செடுத்து விக்கிறாங்க" என்றாள் மகள்.

நடுவில் இருந்தது சிங்கப்பூர். ஆரஞ்சு நிற வானம், வெள்ளைக் கப்பல், சிவப்புப் புகைக்கூண்டு. எழுந்து போய்ப் பார்க்க வேண்டும் போல இருந்தது. ஆனால் நாலு பேர் உட்கார்ந்திருக்கிற இடத்தில் நான் சட்டென்று எழுந்து நடக்க மாட்டேன். அந்தக் கூச்சம் இந்த வயதிலும் போகவில்லை. அதனால் இருந்த இடத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் படம் ஒரு வருடத்துக்கு மேல் எங்கள் வீட்டுச் சுவரில் இருந்தது.

என் அப்பா வீடுகளுக்கு வெள்ளையடிக்கிறவர். எங்கள் ஊர் ஆலங்குடிக்குக் கிழக்கே, முந்திரிக் காடுகளுக்கு நடுவில். நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடையில், திருமயம் பக்கம் ஒரு பெரிய வீட்டுக்குக் கல்யாண வெள்ளை அடிக்கப் போனார். பட்டணத்திலிருந்து வந்திருந்த வீட்டுக்காரர்கள் பரணைக் காலி செய்து, வேண்டாததை முற்றத்தில் குவித்திருந்தார்களாம். அதில் ஒரு தகரக் குழல். அப்பா கேட்டார், கொடுத்துவிட்டார்கள். பஸ்ஸில் கண்டக்டர், "என்னண்ணே, துப்பாக்கியா?" என்று கேட்டதை அப்பா பல நாள் சொல்லிச் சிரித்தார்.

மூடியைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாசனை வந்தது. உள்ளே சுருட்டி வைத்த படம். பின்பக்கம் துணி ஒட்டிய கெட்டித் தாள். விரித்தால் என் உயரம் இருந்தது.

அம்மா பார்த்துவிட்டு, "ஊருச் சுவத்தையெல்லாம் வெளுக்குறீக, நம்ம சுவரு காரை பேந்து கெடக்கு. இதை வச்சு மூடவா?" என்றாள்.

"அதுக்குத்தான் கொண்டாந்தேன்" என்றார் அப்பா, கொஞ்சமும் வெட்கப்படாமல். மேலே ஒரு மரப்பட்டி, கீழே ஒரு மரப்பட்டி வைத்து ஆணி அடித்தார். காரை பெயர்ந்த இடம் மறைந்தது.

படத்தை இப்போதும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். கப்பலுக்கு முன்னால் சின்னச் சின்னப் படகுகள், ஒவ்வொரு படகின் மூக்கிலும் இரண்டு கண்கள். ஓரத்தில் காகிதக் குடை பிடித்த பெண். அடியில் துறைமுக மேடை. அங்கேதான் கூட்டம். மூட்டை தூக்குகிறவர்கள், கூடை சுமக்கிறவர்கள், சும்மா நிற்கிறவர்கள். ஒவ்வொருவரும் என் கட்டைவிரல் உயரம். ஒருவருக்கும் கண் மூக்கு கிடையாது. ஒரு திட்டுக் கறுப்பு, ஒரு திட்டு வெளுப்பு, அதுதான் முகம். வலது ஓரத்தில், ஒரு சைக்கிள் சாத்தி வைத்திருந்த இடத்தில், பழைய தண்ணீர்க் கறை ஒன்று படர்ந்திருந்தது.

அந்த நாளில் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஓர் ஆள் சிங்கப்பூர், மலேசியா என்று போயிருந்தார்கள். உங்கள் ஊரிலும் அப்படித்தான் இருந்திருக்கும். செய்தி பரவி, இரண்டே நாளில் பெண்கள் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள்.

"இந்தா, மூட்டைக்குப் பக்கத்துல உக்காந்திருக்கான் பாரு, இவன் எம் மகன்தான்."

"ஒம் மகன் ஏன் உக்காந்திருக்கான்? ஓயாம வேலை பாக்குறேன்னுல்ல லெட்டரு போடுறான்!"

"ஏன்டி, மனுசன் கொஞ்ச நேரம் உக்காரக் கூடாதா?"

"எங்க வீட்டு ஆளைக் காணோமே."

"அந்தக் கொடைக்காரிக்குப் பின்னால பாரு. அங்கிட்டுத்தான் நிப்பாரு."

வீடு குலுங்கச் சிரிப்பு. அப்பா மட்டும் பொறுக்க மாட்டாமல், "இது போட்டோ இல்ல, ஆத்தா. கையால வரைஞ்ச படம்" என்றார்.

"வரைஞ்சா என்ன? பாக்காமயா வரைஞ்சான்? நின்னவுகளைத்தானே வரைஞ்சிருப்பான்" என்று ஒருத்தி திருப்பிக் கேட்டாள்.

அப்பா சுண்ணாம்பு வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

எதிர்வீட்டு அத்தை நாலு நாள் கழித்துத்தான் வந்தது. உறவில்லை, வாய்நிறைய அத்தை என்று கூப்பிடுவேன். அதற்குப் பிள்ளை இல்லை. வீட்டுக்காரர் கல்யாணமான இரண்டாம் வருடம் நாகப்பட்டினத்தில் சிங்கப்பூருக்குக் கப்பல் ஏறியவர். முதலில் கடிதம் வந்தது, பிறகு குறைந்தது, பிறகு மூன்று வருடமாக ஒன்றுமே இல்லை. அத்தை முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது. கொட்டைப் பால் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்துத் தோல் உரிந்திருக்கும். நிலைப்படியில் நின்று, "நானும் பாக்கலாமாக்கா?" என்று அம்மாவைக் கேட்டது.

மற்றவர்களைப் போல ஓடிவந்து பார்க்கவில்லை. இடது ஓரத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு ஆளாகப் பார்த்துக்கொண்டே வந்தது. தண்ணீர்க் கறையிடம் வந்ததும் நின்றுவிட்டது.

"அவுக இந்தா நிக்கிறாக."

அம்மா சிரித்தாள். அத்தையின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

"ஒரு காலை மடக்கி, இடுப்புல கையை வச்சு... சும்மா நின்னாலும் சண்டைக்கு நிக்கிற மாதிரிதானே நிப்பாக. தலையில துண்டு கட்டியிருக்காகக்கா. அங்க வெயிலு சாஸ்தி போல."

கறை படிந்து அந்த ஆளின் தலை உண்மையாகவே துண்டு கட்டியது போலத்தான் இருந்தது. அத்தை விரலால் அவரைத் தொட்டது. அதன்பின் தினமும் வேலை முடிந்து வந்து தொட்டுவிட்டுப் போகும்.

வைகாசிக் கடைசியில் அத்தை வீட்டுக்காரரின் அண்ணன் வந்தார். பக்கத்து ஊர்க்காரர், கடலைக் கொல்லை வைத்திருந்தார். அத்தை அவரிடம் நேராகப் பேசாது, கதவுக்குப் பின்னால்தான் நிற்கும். என் அம்மாவை நடுவில் வைத்துக்கொண்டு பேச்சு நடந்தது.

"மூணு வருசமாக் கடுதாசி இல்ல. இருக்குறவன் ஒரு வரி எழுத மாட்டானா? ஆடி அமாவாசைக்குக் கடலுக்குப் போறேன். எங்கப்பனுக்கு எள்ளும் தண்ணியும் விடையில தம்பிக்கும் சேத்து விட்டுட்டு வந்துர்றேன். அப்புறம் இந்தப் புள்ள கழுத்துல கெடக்குறதைப் பத்திப் பெரியவுக கூடிப் பேசிக்கிருவோம்."

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "அக்கா, உசுரோட இருக்குறவுகளுக்கு எள்ளுத்தண்ணி விட்டா ஆகாதுன்னு சொல்லுங்க."

அவர் காதில் விழுந்திருந்தும் அம்மா அதை ஒரு தடவை சொன்னாள்.

"இருக்கான்னு எதை வச்சுச் சொல்லுது?"

"படத்துல நிக்கிறாகன்னு சொல்லுங்கக்கா."

அவர் எழுந்து எங்கள் வீட்டுக்கு வந்தார். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, படத்துக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார். "எனக்குத் தெரியலை" என்று சொல்லிவிட்டு, கொடுத்த மோரைக் குடிக்காமலே போய்விட்டார். அன்றைக்கு நான் அவரைக் கொடுமைக்காரர் என்றே நினைத்தேன். தம்பி பங்கு நிலத்துக்கு ஆசைப்படுகிறார் என்று தெருவிலும் பேசினார்கள். ஆசைப்படுகிறவர் படத்தை அவ்வளவு நேரம் பார்ப்பாரா என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

அத்தை அழவில்லை. ஆனால் மறுநாள் வேலைக்கும் போகவில்லை. ஆடி அமாவாசைக்கு ஒன்றரை மாதம்தான் இருந்தது.

வழி சொன்னது கருவாட்டுக்கார அம்மா. கோட்டைப்பட்டினத்திலிருந்து செவ்வாய்க்கிழமை தோறும் கூடையோடு வருகிறவர். எங்கள் வாசலில் கூடையை இறக்கிவைத்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, நடந்ததையெல்லாம் கேட்டார்.

"இதுக்கா இப்புடி உக்காந்திருக்கிய? படம் போட்டவனுக்கு விலாசம் இல்லாமயா இருக்கும்? பீடிக்கட்டுலயே விலாசம் போடுறானுவ. அந்தக் கம்பெனிக்கே ஒரு லெட்டரு போடுங்க. எங்க ஆளு ஒங்க படத்துல நிக்கிறாரு, கொஞ்சம் கூப்பிட்டுச் சொல்லுங்கன்னு."

அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தது. "ஏ ஆயி, ஒனக்கு இங்கிலீசு எழுத்துத் தெரியும்ல?" என்று என்னைக் கேட்டது.

எழுத்துத்தான் தெரியும். வார்த்தை தெரியாது. படத்தில் விலாசம் எதுவும் கண்ணில் படவும் இல்லை. கீழே அப்பா அடித்த மரப்பட்டிக்கு அடியில் இருக்கலாம் என்று அரிவாள் முனையால் நெம்பினேன். ஆணி கழன்று பட்டி சாய்ந்தது. ஓரம் நெடுகப் பொடி எழுத்து. கம்பெனிப் பெயர், தெரு, சிங்கப்பூர். கடைசியில், மூலையில், எறும்பு போல நாலு எண்.

அது வருடம் என்று புரியக் கொஞ்ச நேரமானது. கணக்கில் நான் சுமார்தான். இருந்தாலும் சிலேட்டை எடுத்து இரண்டு தடவை கழித்துப் பார்த்தேன். அந்தப் படம் அச்சானபோது அத்தையின் வீட்டுக்காரர் பிறக்கவே இல்லை. அவருடைய அப்பாவுக்கே அப்போது மீசை முளைத்திருக்காது.

"என்னடி, விலாசம் இருக்கா?"

"இருக்கு அத்தை."

"வேற என்ன போட்டிருக்கு?"

"வேற ஒண்ணும் இல்லை."

என் வாழ்க்கையில் அதுவரை நான் சொன்ன பொய்களெல்லாம் அடிக்குப் பயந்து சொன்னவை. இது அப்படி இல்லை. சிலேட்டைப் பாவாடையில் துடைத்துவிட்டேன்.

வெளிநாட்டுக்கு எழுதுகிற நீலத்தாள் வாங்கி வந்து, அத்தை சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "ஐயா, நீங்கள் போட்ட படத்தில் வலது பக்கம், சைக்கிளுக்குப் பக்கத்தில், தலையில் துண்டோடு நிற்கிறவர் என் வீட்டுக்காரர். மூன்று வருடமாகக் கடிதம் இல்லை. அவரைக் கூப்பிட்டு, வீட்டில் பணம் காசு கேட்கவில்லை, ஒரு வரி எழுதினால் போதும் என்று சொல்லவும். ஆடி அமாவாசைக்குள் சொல்லவும்." அவருடைய பெயர், அப்பா பெயர், ஊர், எங்கள் வீட்டு விலாசம் எல்லாம் எழுதினேன். ஆங்கில விலாசத்தை எழுதவில்லை, கோலத்தைப் பார்த்துப் போடுவது போல வரைந்தேன்.

அத்தை கைகழுவப் போனது. ஒட்டுகிற மடிப்பில் ஒரு விரற்கடை இடம் இருந்தது. அதில் அவசரமாக எழுதினேன்: "இந்தப் படம் பழையது என்று எனக்குத் தெரியும். அத்தைக்குத் தெரியாது. தயவுசெய்து அப்படி எழுதிவிடாதீர்கள். இப்படிக்கு, கடிதம் எழுதிய பிள்ளை."

எச்சில் தொட்டு ஒட்டினேன். பட்டியை மறுபடி அடித்து எழுத்தை மறைத்தேன்.

அதன்பின் ஒரு மாதத்துக்கு மேல் காத்திருந்தோம். பள்ளிக்கூடம் திறந்து, புதுப் பாவாடை, புதுப் புத்தகம் எல்லாம் வந்தும் என் நினைப்பு அந்த நீலத்தாள் மேலேயே இருந்தது. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் ஓடி ஒளிந்துகொள்வேன். படம் பழையது என்று பதில் வந்தால் என்ன செய்வது? பதிலே வராவிட்டால் என்ன செய்வது? ஆடி முதல் வெள்ளிக்கிழமை அத்தை வந்து, படத்தில் இருந்தவர் நெற்றியில் குண்டூசித் தலை அளவுக்குக் குங்குமம் வைத்தது. பக்கத்தில் நின்ற எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணில் தூசி என்றேன்.

அமாவாசைக்கு நாலு நாள் இருக்கும்போது பதில் வந்தது. தமிழ்க் கையெழுத்து. அப்பா நடுவீட்டில் நின்று படித்தார். அத்தை வீட்டுக்காரரின் அண்ணனுக்கும் சொல்லி அனுப்பியிருந்தோம், அவரும் வந்துவிட்டார்.

"அன்புள்ள அம்மாவுக்கு. கம்பெனிப் பெயர் மாறிவிட்டது, கட்டடம் அதேதான். இங்கே தமிழ் படிக்கத் தெரிந்த குமாஸ்தா நான் ஒருவன் என்பதால் உங்கள் கடிதம் என் மேசைக்கு வந்தது. நீங்கள் சொன்ன சைக்கிள் பக்கம் அவர் இப்போது நிற்பதில்லை. உங்கள் ஊர்ப் பக்கத்து ஆட்கள் சாப்பிட வரும் கடைகளில் கடிதத்தைக் காட்டினேன். அறந்தாங்கிப் பக்கத்து ஆள் ஒருவர், போன தைப்பூசத்தில் அவரை நேரில் பார்த்ததாகவும், மலேசியாவில் ஒரு தோட்டத்தில் இருப்பதாகவும் சொன்னார். ஆள் அனுப்பியிருக்கிறேன். பிள்ளையின் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று சொல்லவும்."

கடைசி வரியை அப்பா படித்தபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தூணுக்குப் பின்னால் போய்விட்டேன்.

"நிக்கிறதில்லைன்னு போட்டிருக்கே" என்றார் அண்ணன்.

அத்தை அன்றைக்கு முதல்தடவையாக அம்மாவை நடுவில் வைக்காமல் பேசியது. "அங்க நிக்கலைன்னா வேற எங்கேயோ நிக்கிறாக. பூசத்துல பாத்தவுக சொல்லியிருக்காகல்ல?"

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். முதுகு குலுங்கியது. "செத்துப்போயித் தண்ணி கெடைக்காம அலையிறானோன்னு மூணு வருசமா நான் தூங்கலை, ஆத்தா" என்றார். அம்மா மோர் கொண்டுவந்தாள். இந்தத் தடவை குடித்தார்.

அமாவாசைக்கு அவரோடு நாங்களும் கோட்டைப்பட்டினம் போனோம். அவர் தன் அப்பாவுக்கு மட்டும் எள்ளும் தண்ணீரும் விட்டார். அத்தை முழங்கால் தண்ணீரில் நின்று தூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. கருவாட்டுக்கார அம்மாவும் அங்கே வந்திருந்தார்.

"இங்கிட்டு நேரா சிங்கப்பூராம்மா?" என்று அத்தை கேட்டது.

"இங்கிட்டு நேரா இலங்கை. சிங்கப்பூருக்கு அங்கிட்டுச் சுத்திப் போவணும். நீ எதுக்குப் போற? வரவேண்டியவுக வருவாக. நீ கரைக்கு வா, சேலை நனையுது."

ஐப்பசியில் அத்தை வீட்டுக்காரரிடமிருந்தே கடிதம் வந்தது. கார்த்திகை மழையில் அவரே வந்தார். பெட்டியில்லை, ஒரு துணிப்பைதான். வேலைக்குக் கூட்டிப் போனவன் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு ஏமாற்றியதையும், வெறுங்கையோடு என்ன எழுதுவது என்று இருந்துவிட்டதையும், குமாஸ்தா அனுப்பிய ஆள் வந்துதான் அதை மீட்டுக் கொடுத்ததையும் பிறகு அப்பாவிடம் தலைகுனிந்து சொன்னார். ஆள் கறுத்து மெலிந்திருந்தார். தெருவே எங்கள் வீட்டில் கூடிவிட்டது. ஏனென்றால் அத்தை அவரைத் தன் வீட்டுக்குள் கூட விடாமல், நனைந்த தலையோடு நேரே எங்கள் வீட்டுப் படத்துக்கு முன்னால் கூட்டி வந்திருந்தது.

"இந்தா, பாருங்க. நீங்கதானே?"

நான் அடுப்பங்கரை வாசலில் நின்றேன். ஆறு மாதமாக ஊரே நம்பியது இந்த ஒரு ஆள் வாயில் இருந்தது.

அவர் குனிந்து பார்த்தார். கறுத்த விரல் பட்டுப் பட்டு மங்கிப்போன அந்தக் கட்டைவிரல் உயர ஆளையும், நெற்றிக் குங்குமத்தையும் பார்த்தார். பிறகு திரும்பி, கூட்டத்தில் யாரையோ தேடி, என்மேல் பார்வையை நிறுத்தினார். நான் எழுதிய நீலத்தாளைக் குமாஸ்தா அவருக்கே அனுப்பி வைத்திருந்தார் என்பதும், அது அவர் துணிப்பையில் இருந்தது என்பதும் எனக்கு அப்போது தெரியாது.

"நான்தான்" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "ஆனா அந்தச் சைக்கிளு என்னுது இல்ல. கூட்டாளியோடது" என்றார்.

அத்தை எல்லோரையும் சுற்றிப் பார்த்தது. ஒரு ராணி பார்ப்பது போல இருந்தது.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லலாம். அவர் திரும்பிப் போகவில்லை. அண்ணனோடு சேர்ந்து கடலை போட்டார். இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். என்னைப் பார்க்கும்போதெல்லாம், "என்ன குமாஸ்தா" என்பார். ஏன் அப்படிக் கூப்பிட்டார் என்று அத்தைக்கு இன்றுவரை தெரியாது. பேரன் பேத்தி எடுத்து, மூன்று வருடத்துக்கு முன்னால் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். படம் அதற்கெல்லாம் வெகுநாள் முன்பே, அடுத்த வருட மழையில் சுவர் ஊறி, துணியோடு கழன்று விழுந்து கூழாகிவிட்டது. கீழ்ப்பட்டி மட்டும் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. கொல்லைக் கதவுக்கு முட்டுக்கொடுக்கிறோம்.

இப்போது காபிக் கடைக்கு வருகிறேன். மகள் கைப்பேசியில் மூழ்கியிருந்தாள். நான் அந்த உயரமான நாற்காலியிலிருந்து இறங்கினேன். எல்லோரும் பார்ப்பது போல இருந்தது, ஒருவரும் பார்க்கவில்லை என்றே நினைக்கிறேன். சுவருக்குப் பக்கத்தில் போய், வலது ஓரத்தைப் பார்த்தேன்.

கறை இல்லாத படம். சைக்கிள் பளிச்சென்று இருந்தது. பக்கத்தில் நின்றவர் தலையில் துண்டு இல்லை. கூம்பு மாதிரி ஒரு ஓலைத்தொப்பி. நீலக் கால்சட்டை. இடுப்பில் இருப்பதாக நாங்கள் நினைத்த கை இடுப்பில் இல்லை, நீளமான ஒரு புகைக்குழாயைப் பிடித்திருந்தது. எந்த ஊர்க்காரரோ, யார் வீட்டுப் பிள்ளையோ.

மகளைக் கூப்பிட்டு, அத்தைக்கு வீடியோவில் போன் போடச் சொன்னேன். அத்தை இப்போது திருச்சியில் மகன் வீட்டில் இருக்கிறது. முகமெல்லாம் சுருக்கம், குரல் மட்டும் அப்படியே.

"அத்தை, இந்தப் படத்தைப் பாருங்க" என்று கைப்பேசியைச் சுவர்ப் பக்கம் திருப்பினேன்.

"அடியே! நம்ம சிங்கப்பூரு! கப்பலு, கொடைக்காரி எல்லாம் இருக்கே. சைக்கிளு பக்கம் கிட்டக் காட்டு."

காட்டினேன். செய்திருக்கக் கூடாதோ என்று அப்போதுதான் தோன்றியது. கையைப் பின்னுக்கு இழுக்கப் போனேன்.

"இது அந்தப் படம் இல்லடி, ஆயி" என்றது அத்தை, எனக்காக வருத்தப்படுவது போல. "ஒன்னைய ஏமாத்திப்புட்டாக. இதுல அவுக இல்லையே."